சொல்லியதும் சொல்லாததும்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கல்வி அரங்கில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா என்றால் கல்வியின் பெருமையைப் பேசுவது வழக்கம். விழாக் குழுவினரும் அதனையே பேசுமாறு நம்மைக் கேட்டுக்கொண்டனர். கல்வியின் பெருமையை இங்கே அறியாதார் எவருமில்லை. அரிசி மூட்டையை விற்றும் தோட்டை அடகு வைத்தும் பிள்ளையைப் படிக்கவைத்த தாய்மார் முன்னிலையில் அதனை நாம் எடுத்துரைப்பது, கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலாகும். ஆகவே சிறிய பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டோம். ஆங்கிலத் தேர்வில் ஒரு பத்தியைத் தந்து, அதன் கீழே கேட்கப்படும் வினாக்களில் ஒரு வகையுண்டு. பத்தியில் வெளிப்படையாகச் சொல்லப்படாத, ஆயினும் பத்தியினின்று பெறப்படுகின்ற கருத்து யாது என்பது அவ்வினா. ஆங்கிலத்தில் 'இன்ஃபரன்ஸ்' என்பர். தமிழில் உய்த்துணர்தல் எனலாம். நம் பிள்ளைகள் மிகுதியாக மதிப்பெண் இழக்கும் இடம் இதுவே என்பதை நம் ஆசிரியப் பணியில் கண்டிருக்கிறோம். அதற்கான காரணத்தையும் மருந்தையும் இன்று பேச விரும்புகிறோம்.

நம் வட்டாரத்தை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். இச்சங்கம் தோன்றிய நாளில், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை 1998-இல் உற்பத்தி தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒரகடம் அன்று வயலும் ஏரியுமாகக் கிடந்தது. பின்னர் அங்கே 2010-இல் ரெனோ-நிசான் கார்த் தொழிற்சாலையும், 2012-இல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் எழுந்தன. இன்று ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை, விடியற்காலையில் கம்பெனிப் பேருந்துகளின் வரிசையைக் காண்கிறோம். அப்பேருந்துகளில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் வாயிற்கதவைக் கடந்து எந்த அறைக்குச் செல்கிறார்கள் என்பதே கேள்வி. அலுவலகத்திற்குள்ளும் அரசுப் பணிகளுக்குள்ளும் செல்லும் வழியில் பெரும்பாலும் ஓர் ஆங்கிலப் பத்தி குறுக்கே நிற்கிறது.

வங்கிப் பணித் தேர்விலும், மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் பட்டதாரித் தேர்விலும் ஆங்கிலப் பத்தி உண்டு. இந்தியக் குடிமைப் பணிகளுக்கான முதனிலைத் தேர்வில் 2011-இல் புகுத்தப்பட்ட இரண்டாம் தாளை 'சி-சாட்' என்று அழைப்பர். அதில் 80 வினாக்கள், 200 மதிப்பெண்கள். 2015 முதல் அத்தாளில் நூற்றுக்கு 33 விழுக்காடு பெற்றால் போதும் என்று ஆயிற்று. போதும் என்னும் சொல்லைக் கண்டு மயங்க வேண்டா. அந்த 33 விழுக்காடு கிடைக்காவிடில், முதல் தாளில் எத்துணை மதிப்பெண் பெற்றாலும் பயனில்லை. அத்தாளின் பத்திகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே தரப்படுகின்றன. தமிழ் மாணவர்க்கு ஆங்கிலப் பத்தியே வழி.

உய்த்துணர்தல் என்றவுடன் அது மேனாட்டார் கொணர்ந்த ஏதோ ஒரு வித்தை என்று அஞ்ச வேண்டா. நன்னூலார் கூறும் முப்பத்திரண்டு உத்திகளுள் உய்த்துணர வைப்பு என்பதும் ஒன்று. மணிமேகலைக் காப்பியத்தில், அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூலைக் கற்பிக்கும் பகுதி ஒன்று உண்டு. பக்கம், ஏது, திட்டாந்தம் என்றெல்லாம் அடிகள் விளக்குகிறார். அப்பாடம் நடந்த ஊர் எது? நம் மாவட்டத்தின் தலைநகராகிய காஞ்சி! அறிவு பெறும் வழிகள் காட்சியளவை, கருத்தளவை என இரண்டே என்று நிறுவிய பௌத்தப் பேரறிஞர் திக்நாகரையும் காஞ்சிப் பகுதியில் பிறந்தவர் என்றே பௌத்த மரபு கூறுகிறது. கருத்தளவை என்பதுதான் இன்று நாம் பேசும் இன்ஃபரன்ஸ். ஆக, இக்கலை நம் மண்ணுக்கு அந்நியமன்று.

அவர்கள் காட்டிய பழைய எடுத்துக்காட்டு எளியது. மலையில் புகையைக் கண்டால் அங்கே நெருப்பு உண்டென்று அறிகிறோம். நெருப்பைக் கண்ணால் காணவில்லை, புகையைக் கண்டோம். இங்ஙனம் முடிவு கட்டுவதற்குத் திக்நாகர் மூன்று நிபந்தனைகள் விதித்தார். புகை அம்மலையில் உண்மையாகவே இருத்தல் வேண்டும். அடுக்களை போன்ற நெருப்புள்ள இடத்தில் புகை காணப்படுதல் வேண்டும். ஏரி போன்ற நெருப்பில்லா இடத்தில் புகை காணப்படாமை வேண்டும். மார்கழிக் காலையில் நம் ஏரியின்மேல் வெண்மையாக எழுவது பனிமூட்டம். அதனைப் புகையென்று எண்ணி நெருப்பைத் தேடி ஓடுபவன் நகைப்புக்கு இடமாவான்.

இதனைத் தேர்வுக்குப் பொருத்திக் கொள்ளுங்கள். பத்தியே மலை. பத்தியிலுள்ள வரி புகை. நீங்கள் தேர்ந்தெடுக்கும் விடை நெருப்பு. புகை இல்லாமல் நெருப்பைச் சொல்லலாகாது. புகை போன்றது வேறு, புகை வேறு. இவ்வளவே இக்கலையின் சாரம்.

நிற்க. இனி நம் வாழ்வில் நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அதனைச் சொல்ல நாணமாகவே இருக்கிறது. ஆயினும் இளைஞர்க்குப் பயன்படும் என்பதால் சொல்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஆங்கிலப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். மேனிலைப் படிப்பு முடித்துத் தொழிற்சாலையில் பணிசெய்து கொண்டே அஞ்சல்வழிப் பட்டம் படித்த பெண் ஒருவர் அவ்வகுப்பிற்கு வருவார். சனிக்கிழமை இரவுப் பணி முடித்து, உறங்காமல் நேரே வகுப்புக்கு வருவார். அன்று கரும்பலகையில் ஒரு பத்தி எழுதியிருந்தோம். அதன் கருத்து இது: ஓர் ஆலை நகரத்துக்கு வெளியே இருந்தது. நிர்வாகம் பணியாளர்க்குப் பேருந்துகளை ஏற்பாடு செய்தது. அடுத்த ஆண்டில் பணிக்குத் தாமதமாக வருவோரின் எண்ணிக்கை குறைந்தது.

இதினின்று பெறப்படுவது யாது என்று கேட்டு நான்கு விடைகள் தந்திருந்தோம். ஒன்று, பணியாளர் அனைவரும் அப்பேருந்திலேயே வந்தனர். இரண்டு, பணியாளர் வாழும் ஊர்களுக்கு வேறு பேருந்து இல்லை. மூன்று, பேருந்து ஏற்பாட்டினாலேயே தாமதம் குறைந்தது. நான்கு, முந்திய ஆண்டில் தாமதமாக வந்தோர் சிலரேனும் இருந்தனர்.

அப்பெண் எழுந்து இரண்டாம் விடையைச் சொன்னார். நாம் ஏன் என்று கேட்டோம். "ராத்திரி ஷிப்டு விட்டால் எங்கள் ஊருக்குப் பஸ் ஏது ஐயா?" என்றார். அதற்கு நாம், "உன் ஊர்க் கதையை இங்கே யார் கேட்டார்கள்? உட்கார்" என்று சொல்லிவிட்டோம். வகுப்பு சிரித்தது. அவர் அமர்ந்தார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

பின்னர் ஒருநாள் மாலை சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்தில் அவரைக் கண்டோம். ஏன் வரவில்லை, அம்மா என்று கேட்டோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "விடை தப்பு என்று மட்டும் சொல்லியிருந்தால் திருத்திக்கொண்டிருப்பேன் ஐயா. நான் சொன்னதே பொய் என்பது மாதிரி எல்லாரும் சிரித்தார்களே" என்றார். அவருடைய பேருந்து வந்தது, ஏறிச் சென்றுவிட்டார். நாம் அங்கேயே நின்றோம்.

அவர் சொன்னது சரி. அவர் எழுதிய விடை தவறு. அவர் கூறிய செய்தி மெய். நெருப்பு அங்கே உண்மையாகவே எரிந்துகொண்டிருந்தது. ஆனால் பத்தியாகிய மலையில் அதற்குரிய புகை காட்டப்படவில்லை. பத்தி எந்த ஊர்ப் பேருந்தைப் பற்றியும் பேசவில்லை. நான்காம் விடைக்கோ புகை இருந்தது. எண்ணிக்கை 'குறைந்தது' என்றால், குறைவதற்கு முன் சிலரேனும் இருந்திருத்தல் வேண்டும். அந்த ஒரு சொல்லே சான்று. இவ்விரண்டையும் பிரித்து விளக்கியிருக்க வேண்டியது ஆசிரியரின் கடமை. நாமோ விடை தவறு என்பதினின்று, சொன்னது பொய் என்ற எண்ணத்தை வகுப்பில் விதைத்துவிட்டோம். உய்த்துணர்தலைக் கற்பிக்க வந்த நாமே அதில் தவறினோம்.

அன்று முதல் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கிழித்துக்கொள்கிறோம். இடப்பக்கம் 'தாளில் உள்ளது' என்றும், வலப்பக்கம் 'நாம் அறிந்தது' என்றும் எழுதுகிறோம். மாணவர் எதனைச் சொன்னாலும் அழிப்பதில்லை. எந்தப் பக்கத்துக்கு உரியதோ அந்தப் பக்கத்தில் எழுதுகிறோம். விடையைத் தேடும்போது இடப்பக்கம் மட்டுமே நோக்குகிறோம். நம் பிள்ளைகள் இவ்வினாக்களில் தவறுவதற்கு அறிவுக் குறைவு காரணமன்று. வாழ்க்கையில் அடிபட்டு அறிந்தது மிகுதி. அந்த அறிவு தேர்வு மண்டபத்தில் முந்திக்கொண்டு வந்து பேசுகிறது. அதனை அடக்கி வைக்கக் கற்க வேண்டுமே தவிர, அதற்காக நாணக் கற்கலாகாது.

இனிச் செய்முறைக்கு வருவோம். தாய்மார்களும் இவ்வவையில் இருப்பதால் பத்திகளைத் தமிழிலேயே சொல்கிறோம். தேர்வில் அவை ஆங்கிலத்தில் இருக்கும் என்பதை இளைஞர்கள் நினைவிற்கொள்க.

முதலாவது, வினாவின் தலையைப் பாருங்கள். 'அக்கார்டிங் டு தி பாசேஜ்' என்று தொடங்கினால், விடை பத்தியில் வெளிப்படையாகவே இருக்கும். சொற்கள் மட்டும் மாறியிருக்கும். 'இன்ஃபர்', 'இம்ப்ளை', 'சஜஸ்ட்' என்னும் சொற்கள் வந்தால், வரியினின்று ஓர் அடி, ஒரே ஓர் அடி, முன்னே எடுத்து வைக்க வேண்டும். இரண்டடி வைத்தால் பள்ளத்தில் விழுவோம். 'அசம்ப்ஷன்' என்று கேட்டால், எழுதியவர் சொல்லாமலே அடிப்படையாகக் கொண்டது எது என்று பொருள். அதற்கொரு சோதனை உண்டு. நம் நூலகத்துக்கு ஆங்கில நாளிதழ் வாங்கினால் மாணவரின் ஆங்கிலம் வளரும் என்று ஒருவர் வாதிடுகிறார் எனக் கொள்வோம். அதன் அடிப்படை, மாணவர் அவ்விதழைப் படிப்பர் என்பது. அதனை மறுத்துப் பாருங்கள். மாணவர் படிக்கவே மாட்டார்கள் என்றால் வாதம் முழுவதும் சரிந்துவிடுகிறது. எதனை மறுத்தால் வாதம் சரிகிறதோ அதுவே அசம்ப்ஷன்.

இரண்டாவது, விடையைத் தேர்ந்தவுடன் "எந்த வரி?" என்று உங்களையே கேளுங்கள். விரலை அவ்வரியின்மேல் வையுங்கள். விரல் வைக்க வரியில்லையென்றால் அவ்விடையைக் கைவிடுங்கள்.

மூன்றாவது, சிறு சொற்களை மதியுங்கள். பெரிய சொல்லுக்குப் பொருள் தெரியாவிட்டாலும் அக்கம்பக்கத்தைக் கொண்டு சமாளிக்கலாம். சிறு சொல்லை விட்டால் விடையே மாறிவிடும். 'எ ஃப்யூ' என்றால் சிலர் இருந்தனர் என்பது பொருள். 'ஃப்யூ' என்று மட்டும் வந்தால், ஏறக்குறைய எவருமில்லை என்பது பொருள். தமிழில் இரண்டையும் 'சிலர்' என்றே பெயர்த்துப் படிப்பதால் நம் மாணவர் ஏமாறுகின்றனர். 'நோ லாங்கர்' என்றால் முன்பு இருந்தது, இப்போது இல்லை என்ற இரண்டு செய்திகள் அதில் உண்டு. 'ஈவன்' என்னும் சொல்லைக் கவனியுங்கள். முதியோர்கூட அப்பொறியை விரைவில் கற்றனர் என்று எழுதினால், முதியோர் விரைவில் கற்பரென எழுதியவர் எதிர்பார்க்கவில்லை என்பது அந்தக் 'கூட' என்பதினின்று பெறப்படும். 'மே' என்றால் நிகழலாம். 'வில்' என்றால் நிகழும். 'மஸ்ட்' என்றால் நிகழ்ந்தே தீரவேண்டும். 'சம்' என்பதினின்று 'ஆல்' என்பதைப் பெற முடியாது. பணியாளர் சிலர்க்குப் பயிற்சி தரப்பட்டது என்ற வரியைக் கொண்டு, மற்றவர்க்குத் தரப்படவில்லை என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. மற்றவரைப் பற்றி அவ்வரி வாய்திறக்கவே இல்லை.

நான்காவது, திருப்பிப் படிக்காதீர்கள். இவ்வாண்டு இங்கே சேர்க்கப்பட்டோர் அனைவரும் ஐ.டி.ஐ. படித்தவர்கள் என்பது பத்தி. ஐ.டி.ஐ. படித்தோர் அனைவரும் இங்கே சேர்க்கப்பட்டனர் என்பது விடையாக நிற்கும். காதுக்கு இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கும். ஐ.டி.ஐ. சான்றிதழை நெகிழி உறைக்குள் வைத்துக்கொண்டு வாயில் வாயிலாக அலையும் நம் இளைஞரைக் கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவரே சொல்வார்.

ஐந்தாவது, அடுத்து நிகழ்ந்ததையெல்லாம் அதனால் நிகழ்ந்தது என்று கொள்ளாதீர்கள். நம் ஊர்ச் செய்தியையே ஒரு பயிற்சியாகப் பார்ப்போம். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைபேசித் தொழிற்சாலை 2006-இல் உற்பத்தி தொடங்கியது. 2014 ஏப்ரலில் அந்நிறுவனத்தின் கைபேசித் தொழில் மைக்ரோசாப்ட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டபோது, வரி வழக்கின் காரணமாக இத்தொழிற்சாலை அவ்விற்பனையில் சேர்க்கப்படவில்லை. 2014 நவம்பர் முதல் நாளில் இங்கே உற்பத்தி நிறுத்தப்பட்டது. இதுவே பத்தி.

விடைகள் நான்கு. ஒன்று, உற்பத்தி நின்றதற்கு வரி வழக்கு ஒன்றே காரணம். இரண்டு, தொழிலாளரிடம் போதிய திறன் இல்லை. மூன்று, அந்நிறுவனத்தின் கைபேசித் தொழிற்சாலைகள் எல்லாமே 2014 ஏப்ரலில் மைக்ரோசாப்டுக்குப் போய்விடவில்லை. நான்கு, வேலையிழந்தோர் பெருந்துயர் அடைந்தனர்.

முதல் விடை நம்மைக் கவரும். ஆனால் விற்பனையில் சேர்க்கப்படாமைக்குத்தான் வரி வழக்கைப் பத்தி காரணம் காட்டுகிறது. உற்பத்தி நின்றதற்கு அன்று. அதிலும் 'ஒன்றே காரணம்' என்னும் சொல்லுக்குச் சான்று ஏதுமில்லை. இரண்டாவதற்குப் புகையே கிடையாது. நான்காவது? அது மெய்யென்று நாம் அறிவோம். அறிந்தது வலப்பக்கத்துச் செய்தி, அங்கேயே இருக்கட்டும். மூன்றாவதே விடை. ஒரு தொழிற்சாலை சேர்க்கப்படவில்லை என்றால், எல்லாம் போய்விடவில்லை என்பது தானே பெறப்படும். பார்த்தீர்களா, சரியான விடை பெரும்பாலும் அடக்கமாக இருக்கும், ஆரவாரம் செய்யாது. இதனை விதியாகக் கொண்டு, 'ஆல்', 'ஒன்லி', 'நெவர்' என்னும் சொற்களைக் கண்டவுடனே அடித்துவிடவும் கூடாது. பத்தியே அத்துணை உறுதியாகச் சொல்லியிருந்தால் விடையும் உறுதியாகவே இருக்கலாம்.

தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படும் முறையையும் அறிந்துகொள்ளுங்கள். குடிமைப் பணி முதனிலைத் தேர்வில் ஒரு வினாவின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். நான்கு விடைகளில் ஒன்றையும் விலக்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டு எழுதினால், நூறு வினாக்களில் இருபத்தைந்து சரியாகும், எழுபத்தைந்து தவறாகும். வந்ததும் போனதும் சமமாகிக் கை வெறுங்கையாகும். இரண்டு விடைகளைச் சான்றுடன் விலக்கிவிட்டு, எஞ்சிய இரண்டில் ஒன்றை எழுதினால் நீண்ட கணக்கில் ஆதாயம் உண்டு. ஆகவே சரியான விடையைத் தேடுவதைப் போலவே, தவறான விடையைச் சான்றுடன் விலக்குவதும் மதிப்பெண் தரும் வேலைதான்.

அன்பர்களே, இப்பயிற்சி தேர்வு மண்டபத்தோடு முடிந்துவிடுவதன்று. நாமறிந்த இளைஞர் ஒருவர்க்கு ஒரு நிறுவனம் ஆங்கிலத்தில் ஆணை ஒன்று தந்தது. பயிற்சிக் காலம் முடிந்தபின் நிரந்தரப் பணிக்குப் 'பரிசீலிக்கப்படலாம்' என்பது அதன் வாசகம். 'மே பி கன்சிடர்ட்' என்று இருந்தது. அவர் அதனை நிரந்தரமாக்குவர் என்று படித்தார். அதனை நம்பி வீட்டில் கடன் வாங்கினர். காலம் முடிந்தது, பணியும் முடிந்தது. தாள் பொய் சொல்லவில்லை. தாளில் இல்லாததை நம் ஆசை படித்துவிட்டது. அந்த 'மே' என்னும் ஓரெழுத்தொருமொழி போன்ற சிறு சொல்லை அன்றே அவர்க்கு யாரேனும் சுட்டிக்காட்டியிருந்தால், கடனாவது மிஞ்சாதிருந்திருக்கும்.

இன்னும் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த ட்ரெமன்ஹீர் நம் மக்களின் நிலையைக் குறித்து ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை எழுதினார். அதனைத் தொடர்ந்து சென்னை மாகாண அரசு 1892-இல் நம் மக்களுக்கு நிலம் வழங்க ஆணை பிறப்பித்தது. பஞ்சமி நிலம் என்று நாம் அழைப்பது அதனையே. பிற வகுப்பினர்க்கு அதனை விற்றல் கூடாது என்பது நிபந்தனை. அந்நிலங்கள் கைமாறிப் போனதற்குக் காரணங்கள் பல. வறுமை உண்டு, கடன் உண்டு, அச்சுறுத்தலும் உண்டு. எழுதிய தாளில் என்ன இருக்கிறது, அதினின்று என்ன பெறப்படுகிறது என்று படித்துச் சொல்ல அன்று நம் தெருவில் ஆளில்லாமையும் அவற்றுள் ஒன்று. விற்கக் கூடாத நிலத்திற்கு எழுதிய விற்பனைப் பத்திரம் என்ன ஆகும்? இதுவும் ஓர் உய்த்துணர் வினாதான். அதற்கு விடை தெரிந்த பிள்ளைகள் இன்று இருக்கிறார்கள்.

ஆயின் ஓர் ஐயம் எழும். தாளில் உள்ளதை மட்டுமே நோக்கு என்றால், நாம் வாழ்ந்தறிந்த உண்மைக்கு இடமே இல்லையா? தொழிற்சாலை வந்தது, செழிப்பு வந்தது என்று ஒருவர் எழுதிய பத்தியை நம் பிள்ளை வாய்மூடிப் படித்து விடையளித்துவிட்டு வரவேண்டியதுதானா? இல்லை. ஒருவர் என்ன சொன்னார் என்பதைத் திரிக்காமல் அறிவது முதல் படி. அவர் சொன்னதை ஏற்பதா மறுப்பதா என்பது அடுத்த படி. முதல் படியில் நிற்காதவன் இரண்டாம் படியில் நின்று வாதாட முடியாது. எதிராளி சொல்லாததை மறுத்துக்கொண்டிருப்பான். நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்களும் அண்ணல் அம்பேத்கர் அவர்களும் 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றனர். நம் மக்களின் வாழ்வு உண்மையை எங்கே, எவர் முன்னிலையில் சொல்ல வேண்டுமோ அங்கே சொன்னார்கள். குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் கட்டுரைத் தாள் இருக்கிறது. நேர்முகத் தேர்வு இருக்கிறது. நாளை அலுவலர் ஆனபின் எழுதப்போகும் கோப்பு இருக்கிறது. வலப்பக்கத்துச் செய்திகளுக்கு உரிய இடங்கள் அவை. இடப்பக்கத்தைச் சரியாகப் படித்தவனுக்கே அவ்விடங்களின் கதவு திறக்கும்.

இறுதியாக, நாள்தோறும் செய்யத்தக்க ஒரு பயிற்சி. ஆங்கில நாளிதழில் ஒரே ஒரு பத்தியை எடுங்கள். மூன்று வாக்கியங்கள் எழுதுங்கள். இது உறுதியாகப் பெறப்படும் என்று ஒன்று. இது இருக்கலாம், ஆனால் உறுதியில்லை என்று ஒன்று. இது மெய்யாயினும் இப்பத்தியில் இல்லை என்று ஒன்று. கால்மணி நேரம் போதும். ஆறு திங்கள் விடாது செய்தால், பத்தியைக் கண்டு நடுங்கும் நெஞ்சம் பத்தியைத் தேடிச் செல்லும்.

தாய்மார்களே, ஆங்கிலம் தெரியாத நாங்கள் பிள்ளைக்கு என்ன உதவ முடியும் என்று எண்ண வேண்டா. பிள்ளை விடை சொல்லும்போது அருகிலமர்ந்து, "எந்த வரியில் இருக்குது, காட்டு" என்று மட்டும் கேளுங்கள். அவன் விரலை வைத்துக் காட்டட்டும். காட்ட முடியாமல் விழித்தால் அவனே திருத்திக்கொள்வான். அந்த ஒரு கேள்விக்கு ஆங்கிலம் வேண்டியதில்லை.

நாம் முன்னர்க் குறிப்பிட்ட அப்பெண் என்ன ஆனார் என்று நீங்கள் கேட்கலாம். நாம் அவர் வீட்டுக்குச் சென்று, பெற்றோர் முன்னிலையில் நம் தவற்றை ஒப்புக்கொண்டோம். அவர் மீண்டும் வகுப்புக்கு வந்தார். இருமுறை தேர்வெழுதினார், இருமுறையும் வெற்றி கிட்டவில்லை. இரண்டாம் முறை ஆங்கிலத்தால் இழக்கவில்லை, கணக்கால் இழந்தார். இன்றும் அதே தொழிற்சாலையில் இருக்கிறார். அவர் தங்கியுள்ள விடுதியில் எந்த ஆங்கில அறிவிப்பு ஒட்டப்பட்டாலும், எந்தத் தாளில் கையெழுத்துக் கேட்கப்பட்டாலும், பெண்கள் முதலில் அவரிடம்தான் கொண்டு வருகிறார்களாம். அவர் விரலை வைத்து, "இது இதில் இருக்கிறது, இது இதில் இல்லை" என்று பிரித்துச் சொல்கிறாராம். இவ்வாண்டு மூன்றாம் முறை எழுதவிருக்கிறார். கணக்குப் பாடத்துக்கு நல்லாசிரியர் ஒருவரைச் சங்கம் ஏற்பாடு செய்து தருமாறு இம்மேடையிலேயே கேட்டுக்கொள்கிறோம்.

இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் நம் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கொடுத்தது. இனிவரும் ஆண்டுகளில் எழுத்தின் பொருளை அளந்து அறியும் ஆற்றலைக் கொடுக்கட்டும்.